முடி மிஷினும் மொட்டைத் தலைகளும்

முதலில் ஒரு விடுகதை. ஒற்றைக் காலில் நிற்பான். வயிற்றுக்குள் ஒரு ரப்பர் பட்டை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். தலை மட்டும் பூசணிக்காய் அளவுக்குப் பளபளவென்று இருக்கும். அவன் மேல் கை வைத்தால் உங்கள் தலையில் உள்ள முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அவன் யார்?

‘பேய்’ என்றவர்கள் உட்காருங்கள். ‘கணக்கு வாத்தியார்’ என்றவர்களும் உட்காருங்கள். விடை, நிலைமின்னியற்றி. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுத்து விளையாடியிருப்பீர்களே, அதே மின்சாரம்தான். அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கித் தரும் இயந்திரம் இது. திருத்தணியில் யாரும் இதை இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. ‘முடி மிஷின்’ என்றார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் அந்த மிஷினுக்கு நான் விளக்குநராக இருந்தேன். விளக்குநர் வேலை என்றால், யாரும் கேட்காத கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு, எல்லோரும் கேட்கிற கேள்விக்குக் ‘கழிவறை அந்தப் பக்கம்’ என்று கை காட்டுகிற வேலை. பொதுமக்களுக்கு எதிரே நின்றுகொண்டே பிழைக்கிறவர்கள் (கண்டக்டர்கள், மருந்துக்கடைக்காரர்கள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள்) இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள். தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முருகன் கோயில் மலையடிவாரத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு ஏரி. ஐப்பசி மழைக்குப் பிறகு மாசி வரைக்கும் அது ஏரி. பங்குனி பிறந்தால் கிரிக்கெட் மைதானம். கரையில் கிடந்த பழைய நெல் கிடங்குக்குச் சுண்ணாம்பு அடித்து, சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை அதை அறிவியல், இயற்கை அருங்காட்சியகமாக மாற்றியது. பாடம் செய்த பறவைகள், மீன் தொட்டிகள், கல்லாகிப்போன மரத்துண்டு, ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டுகிற கண்ணாடிகள். நடுக்கூடத்தில் முடி மிஷின். ஒரு வார இதழின் குழந்தைகள் பக்கத்துக்கு நான் பல வருடங்களாக எழுதிவந்ததால் இந்த வேலைக்கு அழைத்தார்கள்.

சேர்ந்த அன்றே அறக்கட்டளைச் செயலாளர் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். விளக்குநர் என்ற பணியிடமே மிஷினுக்காக உண்டானது. மிஷின் இங்கே பயன்படவில்லை என்று தெரிந்தால் அதைச் சென்னையில் உள்ள தங்கள் இன்னொரு கூடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். பணியிடமும் அதோடு போகும். என் மனைவிக்கு மணவூர்ப் பள்ளியில் ஆசிரியை வேலை. பிள்ளைகள் இரண்டும் திருத்தணியில் படித்தன. அதனால் அந்த மிஷின் முன்னால் யாராவது ஒருவருடைய முடி எழுந்து நிற்க வேண்டும் என்று என்னைப்போல் வேண்டிக்கொண்டவர் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது.

முதல் நாள்

திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த உரையோடு மிஷின் பக்கத்தில் நின்றேன். ஈரக்காற்றில் பட்டை சரியாக வேலை செய்யாது என்பதால், இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து, நூறு வாட் பல்பை அதன் பக்கத்தில் எரியவிட்டு உலர்த்தி வைத்திருந்தேன். வாட்ச்மேன் முனுசாமி கதவைத் திறந்தார். கடப்பாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேன் நிறையக் குடும்பம் உள்ளே நுழைந்தது. தாத்தா முதல் கைக்குழந்தை வரைக்கும் பதினேழு பேர். பதினேழு பேரும் மொட்டை. பெண்கள் உட்பட. பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.

இந்த ஊருக்கு வெளியூர்க்காரர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. மிஷினைப் பற்றி யோசித்தபோதெல்லாம் மலையைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சென்னையில் உட்கார்ந்து மிஷினை அனுப்பிய அறக்கட்டளைக்காரர்கள் ஆறு பேரும் யோசிக்கவில்லை. ஆனாலும் ஒத்திகை பார்த்ததை விட முடியுமா? பெரியவரை ஸ்டூலில் ஏற்றி, உருண்டைமேல் கை வைக்கச் சொல்லி, சுவிட்சைப் போட்டேன். மிஷின் உறுமியது. பெரியவர் பொறுமையாக நின்றார். சந்தனம் ஒரு துளி வழிந்து புருவத்துக்கு வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. “தலையில் முடி இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து நின்றிருக்கும்” என்று விளக்கினேன்.

அவர் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். “இர்ந்த முடியக் குடுக்கத்தான் சார் கடப்பாலருந்து வந்தோம். நீங்க முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிர்ந்தா, பாதி வெச்சிகினு வந்திருப்பமே!”

மொட்டைக்கு முன்

‘உன் தலை என்ன ஆயிற்று, உன் முடியை நிற்க வைத்துக் காட்டியிருக்கலாமே’ என்று கேட்பீர்கள். வேலையில் சேரும்போதே என் நெற்றி உச்சந்தலை வரைக்கும் போயிருந்தது. முனுசாமியோ மாதாமாதம் கிருத்திகைக்கு மொட்டை போடுகிறவர்.

ஆகவே ஒரு யோசனை செய்தேன். இரண்டு பலகைகள் எழுதி, ஒன்றைப் பேருந்து நிலையத்திலும் ஒன்றை ரயிலடியிலும் வைத்தேன். ‘மொட்டை போடுமுன் இங்கே வாருங்கள்!’ என்று சிவப்பு எழுத்து, கீழே அம்புக்குறி. நான் மீன் தொட்டிக்கு ஆக்ஸிஜன் பம்பு வாங்க இரண்டு நாள் சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, கூடத்து வாசலிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் வரிசை நின்றது. அத்தனை பேர் தலையிலும் முடி. கண்ணில் தண்ணீர் வராத குறை. முதலில் நின்ற அம்மாள் என்னைக் கண்டதும் கொண்டையை அவிழ்த்து, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் வகிடு பிரித்துக் காட்டினார்.

“பேனு கீனு இல்லீங்க. நேத்தே ஈருவலி போட்டு எட்த்துட்டேன். சட்டுனு பாத்து எழுதிக் குடுங்க, மேல கூட்டம் ரொம்பிடும்” என்றார்.

மலையில் முடி காணிக்கைக்குச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்கு முன்னால் இங்கே வந்து முடியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று என் பலகையைப் படித்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. வரிசையின் முன்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த முனுசாமியின் கையில், பார்வையாளர் பதிவேட்டிலிருந்து கிழித்த துண்டுக் காகிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘முடி பார்த்தாச்சு, அனுப்பலாம்’ என்று எழுதி, கீழே அவருடைய கையெழுத்து. “என்ன முனுசாமி இது?” என்றேன்.

அவர் பேனாவை மூடாமலே சொன்னார்: “நீ ஊர்ல இல்ல, ஜனம் வந்து நிக்குது, நான் இன்னா பண்றது வாத்தியாரே? ரெண்டு நாளா நான்தான் பாத்துப் பாத்து அனுப்பிகினுகீறேன். மேலருந்து ஒரு சீட்டாவது திரும்பி வந்துதா, சொல்லு!”

எண்ணெய்

பலகைகளைக் கழற்றிய பிறகு, வெளியூர்த் தலைகளை நம்பிப் பயனில்லை என்று உள்ளூர்த் தலைகளிடம் போனேன். மணவூர்ப் பள்ளியிலிருந்து முப்பது மாணவிகளை என் மனைவியே அழைத்து வந்தார். முப்பது பேருக்கும் இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று தாய்மார்கள் தேங்காய் எண்ணெயைத் தலையில் ஊற்றித் தேய்த்து அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் ஊறிய முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கனமாகவும் இருக்கும். மிஷின் எவ்வளவு உறுமினாலும் அசையாது. முப்பது பேரும் ஏறி இறங்கினார்கள். உருண்டை முழுக்க எண்ணெய்க் கை பதிந்து, அதைத் துடைத்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

தலைமை ஆசிரியைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். ‘அடுத்த முறை மாணவிகள் எண்ணெய் வைக்காமல், சடை பின்னாமல், தலையை விரித்துவிட்டு வருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.’ எழுதும்போது இதில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் முதல் ரயிலைப் பிடித்துத் தலைமை ஆசிரியையே வந்துவிட்டார். கையில் குடை. குடையை மடக்கவில்லை. அவருக்கு முன்னால் பாடம் செய்த கழுகுகூட அடக்கமாகத் தெரிந்தது.

“பதினெட்டு வருசமா ‘தலைய வாரிக்கினு வா, தலைய வாரிக்கினு வா’ன்னு கத்திக் கத்தி, இப்பதான் ஒரு மாதிரிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கேன் சார். ஒரே லெட்டர்ல எல்லாத்தையும் அவுத்து வுடச் சொல்றீங்களே!”

சவுரி

என் மனைவியிடம் ஒரு சவுரி இருந்தது. உதிர்ந்த முடியைச் சேர்த்துவைத்துக் கட்டியது. இரண்டு முழம் நீளம். கல்யாணங்களுக்குப் போகும்போது மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். அதை இரவல் வாங்கி, எண்ணெய் போகச் சீயக்காய் போட்டு அலசி, உலர்த்தி, பிரித்து, ஒரு பழைய துணித் தொப்பியின் மேல் வரிசை வரிசையாகத் தைத்தேன். மொட்டைத் தலையில் தொப்பியை மாட்டு, ஸ்டூலில் ஏற்று, சுவிட்சைப் போடு. முடி நிற்கும். இவ்வளவு எளிய வழி இவ்வளவு நாள் தோன்றவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

கனகம்மாசத்திரத்திலிருந்து ஓர் அம்மாள் கணவரோடு வந்தார். இருவரும் புது மொட்டை. அம்மாள் தயங்காமல் ஸ்டூலில் ஏறி, உருண்டைமேல் கையை வைத்துக்கொண்டார். தொப்பியைக் கொண்டுபோய் அவர் தலைக்கு மேல் பிடித்தேன். நீளமான முடி அவர் தோளில் வந்து விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார், நுனியைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். சட்டென்று ஸ்டூலிலிருந்து குதித்தார். “இது என் முடிங்க!” என்றார். கூடத்தில் இருந்த இருபது பேரும் திரும்பினார்கள். கணவர் வந்து முடியைப் பிடித்துப் பார்த்து, “ஆங், இவளோடதுதான்” என்றார்.

மனைவியின் சவுரி என்கிறேன், சீயக்காய் என்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. மற்ற மொட்டைகளும் தொப்பியைச் சுற்றி வந்து, தங்கள் முடியும் அதில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் வாசல் வழியாக மலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேதனைதான் அதிகம்.

“சாமிக்குக் குடுத்து அர மணி நேரம் ஆவல. அதுக்குள்ள எப்டிங்க கீழ எறங்கி வந்துச்சு?”

கன்னத்தில் வேல்

ஒரு கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஒன்று மலை ஏறுமுன் நிழலுக்காக எங்கள் கூடத்தில் ஒதுங்கியது. நான் மிஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் நேராக வந்தார். தலையில் முடி இருந்தது. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் மற்றதை நான் கவனிக்கவில்லை. இந்தக் கன்னத்தில் நுழைந்து நாக்கைத் துளைத்து அந்தக் கன்னத்தில் வெளியே வருகிற, ஒரு முழ நீள வெள்ளி வேல். கூரான உலோக முனையில் மின்சாரம் கசியும், பொறி பறக்கும் என்று எத்தனையோ முறை குழந்தைகள் பக்கத்தில் எழுதியவன் நான். அவர் கையை நீட்டிய நொடியில் பாய்ந்து விழுந்து, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினேன். கால் தடுக்கி ஸ்டூல்மேல் விழுந்தேன். முழங்கை வீங்கிப்போயிற்று. வாயில் வேல் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. கண்ணால் எதையோ கேட்டார். கூட வந்த நண்பர் அதை மொழிபெயர்த்தார்.

“நாக்குல வேல் போனதே தெரிலன்றாரு. ஒங்க மிஷின் இன்னா பெருசா பண்ணிடப் போவுதுன்னு கேக்கறாரு.”

ஆடிக் கிருத்திகை

இப்படி ஆண்டுகள் போயின. சென்னைக்கு நான் அனுப்பிய அறிக்கைகளில் மீன்கள் நலம், பறவைகளுக்குத் தூசி தட்டியாயிற்று என்பதெல்லாம் விரிவாக இருக்கும். மிஷினைப் பற்றி ஒரே வரி. கடைசியில் அறக்கட்டளையின் மேலாளர் அம்மாவே நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் தேர்ந்தெடுத்த நாளைப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை. ‘ஆண்டிலேயே கூட்டம் மிக அதிகமாக வரும் நாள் அது என்று அறிகிறோம். அன்று சோதிப்பதே உங்களுக்கு நியாயமாக இருக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். என்மேல் உள்ள நல்லெண்ணத்தில்தான்.

அன்று காலை ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணி வரைக்கும் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மேலாளர் அம்மா நாற்காலி போட்டு மிஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணெதிரே சந்தனத் தலைகள் வரிசையாக ஸ்டூலில் ஏறின, இறங்கின. இடையில் வந்த முடியுள்ள தலைகளில் ஒன்றில் எண்ணெய், மற்றொன்று அழுது அடம்பிடித்து இறங்கிவிட்டது. “அம்மா, நீங்களே ஒரு நிமிடம் ஏறிப் பார்க்கலாமே” என்று மெதுவாகக் கேட்டேன்.

“என் தலையைப் பற்றி நானே எப்படி சார் எழுதறது?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. “ஒரே ஒரு விசிட்டர். ஒரே ஒரு தலை. எழுந்து நின்னதை நான் பார்த்துட்டேன்னா, மிஷின் இங்கேயே இருக்கட்டும்னு எழுதிட்டுப் போறேன். பன்னிரண்டு மணிக்கு நான் கிளம்பணும். அதுக்கு மேல ரோடை அடைச்சிடுவாங்களாம்.”

பதினொன்றே காலுக்கு அந்தக் குடும்பம் வந்தது. பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து வந்த நெசவுக்காரர், அவர் மனைவி, ஒன்பது வயது மகள். மகள் பெயர் ரேவதி. விடியற்காலையில் சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஈரம் உலரட்டும் என்று விட்டிருந்த முடி இடுப்புக்குக் கீழே வரைக்கும் இறங்கியிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. காற்று வந்தபோது இழை இழையாகப் பிரிந்து பறந்தது. இத்தனை ஆண்டுகளில் அப்படியொரு தலை என் மிஷினுக்கு முன்னால் வந்ததில்லை. முனுசாமி என்னைப் பார்த்தார், நான் முனுசாமியைப் பார்த்தேன். மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ரேவதிக்கு நான்கு வயதில் கடுமையான காய்ச்சல் வந்ததாம். பிழைத்தால் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டார்களாம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். மாமன் வருகிற ரயில் தாமதம். அதுவரைக்கும் நிழலுக்கு இங்கே வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நெசவுக்காரர் முனுசாமியிடம் சொல்லி முடிப்பதற்குள், முனுசாமி ஸ்டூலைத் துடைத்து வைத்துவிட்டார்.

“வேணாங்க” என்றார் நெசவுக்காரர். “சாமிக்குன்னு அஞ்சு வருசமா வுட்ட முடி. போற வழில அத்த வெச்சி வேடிக்க காட்னா தப்பில்ல?”

“இன்னா தப்பு?” என்றார் மனைவி. “பஸ்ஸுல பறந்து பறந்து எத்தினி பேரு மூஞ்சில பட்டுச்சு! அதெல்லாம் வேடிக்க இல்லியா? கொயந்த ஆசப்பட்டா ஏறட்டுமே.”

“பஸ்ஸுல தானா பறந்துச்சு. இது நாமளா பறக்க வுடறது.”

“தறில நூலு அறுந்தா மட்டும் ஒனக்கு இவ்ளோ ஞாயம் வராது.”

முனுசாமி இடையில் புகுந்தார். “ஏறு பாப்பா. ஒரு நிமிசம்தான். சாரோட வேலையே ஒன் தலைலதான் கீது.”

ஒன்பது வயதுக் குழந்தையிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் சொல்லியாகிவிட்டது. ரேவதி என்னிடம் வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். குழந்தைகள் கேட்டதற்கு நேரான பதில் சொல்வது என் பழக்கம். அன்றும் அதை மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

“வலிக்குமா சார்?”

“வலிக்காது. முகத்தில் சிலந்தி வலை பட்டதுபோல் இருக்கும்.”

“அப்பறம் முடி பழையபடி கீழ வந்துடுமா?”

“சுவிட்சை நிறுத்தியதும் வந்துவிடும்.”

“இதுல நின்ன முடிய சாமி வாங்கிக்குமா?”

‘வாங்கிக்கொள்ளும்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் ஏறியிருப்பாள். நெசவுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் அம்மாவின் பேனா மூடி கழன்றிருந்தது. “அது எனக்குத் தெரியாதம்மா” என்றேன். முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

ரேவதி முடி நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். “நிக்கலன்னா சாருக்கு இன்னா ஆவும்?”

“மிஷின் சென்னைக்குப் போய்விடும். நானும் அதோடு போக வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும்.”

“சென்னைல முடி இருக்கறவங்க வருவாங்களா?”

“வருவார்கள். நிறைய வருவார்கள்.”

“அப்ப மிஷினுக்கு நல்லதுதான?”

அம்மாக்காரி வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மேலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். அந்த நேரம் பார்த்து, வாசலில் வியர்க்க விறுவிறுக்கத் தாய்மாமன் வந்து நின்றார். “இன்னும் கெளம்பலியா? மேல எள்ளு போட்டா கீழ வுழல, அவ்ளோ ஜனம்” என்றார்.

நெசவுக்காரர் பெருமூச்சு விட்டார். அவர் குரலில் கோபம் போய்விட்டிருந்தது. “ரேவதி, நைனா ஒண்ணும் சொல்ல மாட்டேன். அம்மாவும் சொல்ல மாட்டா. முடி ஒன்னுது. ஏறணும்னா ஏறு, ஏறிட்டே போலாம். நீயே சொல்லு.”

மிஷினுக்குள் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. அறிவியலை எளிமையாக விளக்குவதில் இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள நான் அவ்வளவையும் விளக்கி முடித்த பிறகு, ரேவதி மொட்டை போட்டுக்கொண்டு வந்து ஏறுவதாகச் சொல்லிவிட்டு, மாமன் கையைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போனாள்.